விதையில்லாத சாட்சி

கோரா மங்குபாட்டின் மேசை மேல் அந்தப் பெண் வைத்தது ஒரு வாழைப்பூ. பாதி உரித்தது.

"என் புருஷன் உயிரோட இருக்கான். அதுக்கு இதுதான் சாட்சி."

ஜன்னலோரம் ரொட்டியைக் காபியில் தோய்த்துக்கொண்டிருந்த நோனோய் எட்டிப் பார்த்தான். "நல்ல இளம் பூ. தேங்காய்ப்பால் ஊத்தி வெச்சா சாட்சி ரொம்ப ருசியா இருக்கும் மேடம்."

கோரா அவனைத் திரும்பிப் பார்க்காமலே, "வாயில ரொட்டி இருக்கிற வரைக்கும் பேசாதே," என்றாள்.

"ரொட்டி தீர்ந்துபோச்சு மேடம்."

"இன்னொண்ணு எடுத்துக்க."

கோராவுக்கு ஐம்பத்திரண்டு வயது. போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து, மேலதிகாரி கை நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட மறுத்து வெளியே வந்தவள். சான் ரோக்கே ஊரில், ரொட்டிக் கடைக்கு மேலே ஒரு அறை பிடித்து, தொலைந்தவர்களைத் தேடித் தருகிறாள். நோனோய் ஒரு காலத்தில் ஊர் ஜனம் ஏறிப் போகும் ஜீப்னி வண்டி ஓட்டியவன். இப்போது அவளுக்கு டிரைவர், சமையல்காரன், சம்பளம் கேட்காத நாட்களில் நண்பன். வாய் மட்டும் எல்லா நாளும் ஒரே மாதிரி.

"உட்காருங்க லிகாயா. முதல்லேருந்து சொல்லுங்க," என்றாள் கோரா.

லிகாயா உட்காரவில்லை. மலையடிவாரத்து ஆராய்ச்சி நிலையத்தில் வாழைகளை இனம் பிரிப்பது அவள் வேலை. எந்தத் தீவில் எந்தக் கொல்லையில் புது வாழை கிடைத்தாலும் அவளிடம்தான் வரும். பார்த்து, அளந்து, எண்ணி, இது இன்ன வம்சம் என்று அவள் சொல்ல வேண்டும். கணவன் எலிசியோவும் அதே நிலையம். அவன் காடு மேடெல்லாம் அலைந்து கன்று கொண்டுவருவான். அவள் எண்ணுவாள்.

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி மிந்தோரோ தீவு மலைக்குப் போனான். இந்தப் படத்தை அனுப்பினான்."

கைபேசியை நீட்டினாள். ஒரு வாழைப்பூ மடலை ஆண் கை ஒன்று விரித்துப் பிடித்திருந்தது. கட்டைவிரல் நகம் முழுக்க மண். மடலின் உட்பக்கம் மஞ்சள். அதன் நடுவே, நுனியிலிருந்து அடி வரைக்கும், ரத்தச் சிவப்பில் ஒரே ஒரு கோடு.

"போனும் பண்ணினான். 'லிகா, இப்படி ஒண்ண நீ பாத்திருக்கவே மாட்ட. ஒரு கன்னு தோண்டி சாக்குல கட்டிட்டேன். நாளைக்குக் கொண்டு வரேன், எண்ணிச் சொல்லு'ன்னான்." அவள் கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "வரவே இல்ல. ஆபீஸ் ஜீப்பு பத்தாங்காஸ் துறைமுகத்துல நின்னுச்சு. அவனைக் காணோம்."

"கூடப் போனது யாரு?"

"டாக்டர் நிகனோர் வெர்ஹெல். அப்போ எங்க பிரிவுத் தலைவர், இப்போ நிலையத்துக்கே இயக்குநர். எங்க கல்யாணத்துல எங்களுக்கு ஞானத் தகப்பனா நின்னவர். நினோங்னுதான் கூப்பிடுவேன். அவர்தான் வந்து சொன்னார். துறைமுகத்துல இறங்கினதும் இவன் இன்னொரு கப்பலுக்கு டிக்கெட் எடுத்தானாம். பலவான் தீவுல ஒருத்தி இருக்கா, மன்னிச்சிடுங்கன்னானாம். நினோங் பஸ்ஸப் பிடிச்சு வந்து, என் வீட்டு வாசல்ல நின்னு அழுதார். இன்னிக்கு வரைக்கும் கிறிஸ்துமஸ்ஸுக்கு என் பொண்ணுக்கு பிபிங்கா கேக் வாங்கிட்டு வர்ற ஒரே ஆளு அவர்தான்."

கோரா பூவைக் கையில் எடுத்தாள். உரித்திருந்த மடலின் உட்புறம் மஞ்சள். நடுவே அதே சிவப்புக் கோடு.

"ஞாயித்துக்கிழமை சந்தையில சமைக்க வாங்கினேன். மூணாவது மடலை உரிக்கிறப்போ கை நின்னுடுச்சு. நிலையத்துல நூத்துக்கணக்குல வாழை வெச்சிருக்கோம் மேடம். எதுலயும் இந்தக் கோடு கிடையாது."

"வேற யாராவது மலையிலேருந்து கொண்டு வந்திருக்கலாமே?"

"மலையே இல்ல. அவன் தோண்டின அதே வாரம் புயல்ல அந்தச் சரிவு இடிஞ்சு ஆத்தோட போச்சு. முதல்ல நம்ப முடியாம, அவன் கெடைப்பானான்னு நானே போய்ப் பாத்தேன். வெறும் சேறு."

"பறவை? வௌவால்? எங்கேயோ விதை விழுந்து..."

"அதைத்தான் எண்ணிப் பாத்தேன்." முதல் தடவையாக லிகாயாவின் குரல் நிதானத்துக்கு வந்தது. வேலையைப் பற்றிப் பேசும்போது வரும் நிதானம். "காட்டு வாழையில ரெண்டு பெரிய ஜாதி. நாம சாப்பிடற வாழை முக்காவாசி அதுங்களோட வாரிசு. எந்தப் பக்கத்து ரத்தம் எவ்வளவுன்னு உடம்பைப் பாத்தே சொல்லலாம். மடல் சுருளுதா, வெறுமனே தூக்குதா. நுனி கூரா, மழுங்கலா. காய்க்குள்ள சூல் ரெண்டு வரிசையா, நாலா. ஒவ்வொண்ணுக்கும் மார்க் போட்டுக் கூட்டுவோம். இது ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. கலப்பு. ஆனா உடம்பு சில சமயம் ஏமாத்தும். அதனால பூவோட நடுக் குருத்தைப் பிளந்து, மைக்ராஸ்கோப்புல வெச்சு குரோமோசோமை எண்ணினேன். முப்பத்து மூணு."

"அப்படின்னா?"

"பதினொண்ணு ஒரு செட்டு. காட்டு வாழைக்கு ரெண்டு செட்டு. ஜோடி ஜோடியா சேரும், விதை பிடிக்கும். இதுக்கு மூணு செட்டு. ஜோடி சேர்றப்போ ஒண்ணு எப்பவும் மிச்சம் நிக்கும். விதை வராது."

"ஜோடி டான்ஸுக்கு மூணு பேர் போன மாதிரி," என்றான் நோனோய். "ஒருத்தன் செவுத்தோரம்தான்."

"ஆமா," என்றாள் லிகாயா. அவள் சிரிக்கவில்லை. "மூணாவது ஆள் வந்தா குடும்பம் விளங்காது. எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம்."

நோனோய் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டான்.

"விதை கிடையாது. கன்னு வெச்சாத்தான் உண்டு. அது தானா நடந்து போகாது, ஒரு மனுஷன் கைதான் தூக்கிட்டுப் போகணும். அந்தக் கன்னு ஒருத்தன் கையிலதான் இருந்துச்சு. எனக்குன்னு தோண்டின கன்னை எவளோ ஒருத்தி கொல்லையில நட்டு, தண்ணி ஊத்தி வளத்திருக்கான். பலவான்ல இல்ல. இங்க. சந்தைக்குப் பூ வர்ற தூரத்துல."

"கண்டுபிடிச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"அவன் மூஞ்சியப் பாத்து ஒரே ஒரு கேள்வி. ரெண்டு வயசுப் பொண்ணு ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னாளே, அவ பேராவது உனக்கு ஞாபகம் இருக்கான்னு."

சந்தையில் மீன்காரிகளின் சத்தத்தைத் தாண்டி உள்ளே போனால் காய்கறி வரிசை. நோனோய்க்கு அங்கே பாதிப் பேரைத் தெரியும். மீதிப் பேருக்கு அவனைத் தெரியும். அவர்கள் விசாரிப்பது பழைய பாக்கியைப் பற்றி என்பதால் அவன் குனிந்தபடியே நடந்தான்.

சிவப்புக் கோட்டுப் பூவை விற்றவள் ஆலிங் செபா, அதாவது செபா அம்மா. அறுபதைத் தாண்டியவள். தலையில் துண்டு, வாயில் சுருட்டு.

"இந்தப் பூ இன்னும் இருக்காம்மா?" என்றான் நோனோய்.

"ஒரு மரம். ஒரு தாரு. ஒரு பூ. வித்தாச்சு. பழம் வேணுமா?"

"எங்கேருந்து வருது?"

"மரத்துலேருந்து."

நோனோய் கோராவிடம் திரும்பினான். "மேடம், எனக்கே பதிலடி. இவங்களக் கூட்டிட்டுப் போயிடலாமா? நான் ஓய்வு எடுத்துக்கறேன்."

கோரா கிழவியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "கன்னு வேணும் ஆலிங் செபா. நல்ல ஜாதி வாழையா இருக்கு. எங்க வீட்டுல நட ஆசை. வீட்டுல ஆம்பளைங்க இருந்தா தோண்டிக் கொடுக்கச் சொல்லுங்களேன்."

"ஆம்பளை ஒருத்தன் இருக்கான். தின்னுட்டுத் தூங்கறான். எழுப்பி வேணா பாருங்க."

சற்றுத் தள்ளி நின்றிருந்த லிகாயாவின் முகம் வெளுத்தது.

பத்தாங்காஸ் சாலையிலிருந்து பிரிந்து மண்பாதை ஒன்று மக்கிலிங் மலையைப் பார்த்துப் போகிறது. அதன் கடைசியில் கம்பி வேலி. உள்ளே, கட்ட ஆரம்பித்து நின்றுபோன வீடு ஒன்றின் தூண்கள் மட்டும். பக்கத்தில் மூங்கில் குடிசை. கொடியில் ஆண்கள் சட்டை மூன்று காய்ந்துகொண்டிருந்தது.

வண்டி நிற்பதற்குள் லிகாயா இறங்கிவிட்டாள்.

"இருங்க..." என்று கோரா சொல்வது காற்றோடு போயிற்று.

"வெளிய வாடா!" லிகாயா குடிசையின் பின்பக்கத்துக் குளியலறைத் தட்டியை இரண்டு கையாலும் அடித்தாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் நின்றது. "ஏழு வருஷமா ஒளிஞ்சிருந்தது போதும். வெளிய வந்து என் மூஞ்சியப் பாரு!"

தட்டி விலகியது. தலை முழுக்க சோப்பு நுரையும் இடுப்பில் துண்டுமாக ஒரு இளைஞன் நின்றான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

"அக்கா," என்றான் அவன் துண்டை இறுக்கியபடி. "டிரைசைக்கிள் தவணைதானே? சனிக்கிழமை கட்டிடறேன்கா."

"என் மருமகன்," என்றாள் ஆலிங் செபா, அதே வண்டியிலிருந்து இறங்கி மூச்சு வாங்கப் பின்னால் வந்து. "இந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?"

லிகாயா அந்தப் பையனைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு கை தொங்கிவிட்டது. "மன்னிச்சிடுங்க," என்றாள். "நான்... வேற ஒருத்தர்னு நினைச்சேன்."

நோனோய் அந்தப் பையனிடம் மெல்ல, "நுரை கண்ணுல போகுது, போய்க் குளி. பொம்பளைங்க விஷயம். உனக்கும் எனக்கும் புரியாது," என்று சொல்லித் தட்டியைச் சாத்தினான்.

வாழை, மனையின் கோடியில் இருந்தது. காய் வெட்டிய தாய் மரத்தின் தண்டும், அதைச் சுற்றி நாலைந்து கன்றுகளும். லிகாயா கிட்டே போனாள். கோரா தடுக்கவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. லிகாயா ஒரு இலைக்காம்பைத் திருப்பி அதன் பள்ளத்தில் விரலை ஓட்டினாள். தண்டின் கருந்திட்டுகளை நகத்தால் சுரண்டினாள். குழந்தையின் ஜுரத்தைப் பார்க்கிற மாதிரி புறங்கையை அதன் மேல் வைத்தாள்.

"இதேதான்," என்றாள். "பூ சொன்னதையேதான் தண்டும் சொல்லுது."

"யார் நட்டாங்க?" என்று கேட்டாள் கோரா.

"யாரும் நடல. தானா வந்துச்சு," என்றாள் ஆலிங் செபா.

"பொய்!" லிகாயா திரும்பினாள். "தானா வராது. இதுக்கு விதையே கிடையாது. யாரைக் காப்பாத்தறீங்க?"

"குழந்தை இயேசு சாந்தோ நினோ மேல சத்தியம் பொண்ணே! நான் இங்க காவலுக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. வந்தப்போ அந்த சிமென்ட்டுத் தரை ஓரத்துல ஒரு குருத்து எட்டிப் பாத்துச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

இருபது வருடம் பொய்களைக் கேட்டுச் சம்பளம் வாங்கியவள் கோரா. கிழவியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அங்கே பொய் இல்லை. லிகாயாவின் எண்ணிக்கையிலும் தப்பு இருக்காது. தானாக வர முடியாத ஒன்றை யாரும் நடவில்லை. இரண்டும் உண்மையென்றால்?

அப்போதுதான் அந்த சிமென்ட்டுத் தரையை அவள் சரியாகப் பார்த்தாள். ஒரு கட்டில் அளவு. சுற்றிலும் சுவர் இல்லை, கால்வாய் இல்லை. வாழை அதன் ஓரத்தைப் பிளந்துகொண்டு வந்திருந்தது. பிளந்த இடத்தில் சிமென்ட்டு தூக்கி நின்றது.

"இது எதுக்குப் போட்டது ஆலிங்?"

"பன்னிக் கொட்டாய்க்குன்னு சார் சொன்னார். மனைக்குச் சொந்தக்காரர். பன்னியும் வரல, கொட்டாயும் வரல."

"அவர் வருவாரா?"

"வருஷத்துக்கு ஒரு நாள். கல்லறைத் திருநாளுக்கு. ஊரே கல்லறைக்குப் போகும், இவர் மட்டும் இங்க வந்து அந்த சிமென்ட்டு மேல மெழுகுவத்தி ஏத்துவார். கேட்டா, ஆசையா வளத்த நாயப் புதைச்ச இடம்னார்."

"நாய்க்கா?" என்றான் நோனோய். "என் மாமனாருக்கே நான் இன்னும் ஏத்தல."

"வாழை இருக்கிறது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாம! பாத்தாலே ஆத்திரம் வரும். வெட்டு வெட்டுன்னுவார். வெட்டினா திரும்பத் திரும்ப வருது. அடியோட தோண்டி எறிஞ்சிடறேன் சார்னேன். அதுக்கு ஒரு கத்து கத்தினார் பாருங்க. வெட்டத்தான் செய்யணும், மண்ணுல கை வெக்கக் கூடாதாம். இந்த வருஷம் எனக்கு முழங்கால் வலி, வெட்டாம விட்டுட்டேன். தாரு தள்ளிடுச்சு. நல்ல பழமா இருக்கேன்னு வித்துட்டேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

"வாழை வெட்டினா சாகாதுன்னு அவருக்குத் தெரியாதா என்ன?" கோரா தனக்குள் சொல்வது போலச் சொன்னாள். "கிழங்கைத் தோண்டணும்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும். இவர் தோண்டறதுக்கு மட்டும் பயப்படறார். ஆலிங், சாருக்கு ஒரு போன் போடுங்க. சத்தமா வெச்சுப் பேசுங்க. யாரோ ரெண்டு பேர் கன்னு வாங்க வந்திருக்காங்க, தோண்ட ஆரம்பிச்சுட்டாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"திட்டுவாரே..."

"திட்டட்டும். அதைத்தான் கேக்கணும்."

ஆலிங் செபா சுருட்டைக் கீழே வைத்துவிட்டு எண்ணை அழுத்தினாள். எதிர்முனையில் எடுத்தார்கள். அவள் சொல்லச் சொன்னதைச் சொன்னாள்.

பிறகு கைபேசி அதிர்ந்தது.

"தோண்டாதே! கெழவி, உனக்கு எத்தனை தடவை சொல்றது? மண்ணுல கை வெக்க விடாதே! அவங்களைத் துரத்து! நான் வரேன், இதோ வந்துட்டேன், யாரையும் கிட்ட விடாதே!"

லிகாயா வாழைத் தண்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் உதடு மட்டும் அசைந்தது.

"நினோங்."

கோரா சட்டென்று திரும்பினாள். "என்ன சொன்னீங்க?"

"நினோங் குரல் அது. டாக்டர் வெர்ஹெல்." அவளுக்கு இன்னும் புரியவில்லை. புரிய வேண்டாம் என்று மனம் அடம்பிடிப்பது முகத்தில் தெரிந்தது. "அப்போ நினோங்குக்குத் தெரிஞ்சிருக்கு. எலிசியோ எங்க இருக்கான்னு அவருக்கு... அவர்தான் கன்னை வாங்கி இங்க நட்டாரா?"

"வாழைக் கன்னுக்காகவா மேடம் ஒரு மனுஷன் இந்தக் கத்து கத்துவான்?" என்றான் நோனோய். பாதியில் அவன் குரல் இறங்கிவிட்டது. அவன் சிமென்ட்டுத் தரையைப் பார்த்துவிட்டான். அளவைப் பார்த்துவிட்டான்.

கோரா லிகாயாவின் தோளைப் பிடித்துத் தூண் ஓரம் உட்கார வைத்தாள். தானும் எதிரே மண்ணில் உட்கார்ந்தாள்.

"நீங்க எண்ணினது சரி லிகாயா. ஒரு மனுஷன் கைதான் இதை இங்க கொண்டு வந்திருக்கு. ஆலிங் சொன்னதும் சரி. யாரும் நடல. நடறவன் மேல சிமென்ட்டு போட்டு மூடமாட்டான்." அவள் சிமென்ட்டுத் தரையைக் காட்டினாள். "கன்னு சாக்குக்குள்ள இருந்துச்சு. சாக்கு உங்க புருஷன் கையில இருந்துச்சு. சாக்கோட சேத்துத்தான் மூடியிருக்காங்க."

லிகாயா அந்தத் தரையையே பார்த்தாள். மலையிலிருந்து காற்று வந்து இலைகளைத் தட்டிவிட்டுப் போயிற்று.

"அப்படின்னா," என்றாள் கடைசியில், "அவர் பலவானுக்குப் போகலையா?"

காலையிலிருந்து அவள் சொன்ன அத்தனை 'அவனு'ம் எங்கேயோ போய்விட்டிருந்தது.

"போகல."

"வீட்டுக்கு வந்துக்கிட்டு இருந்தாரா?"

"ஆமா."

வெர்ஹெல் வந்து சேர்ந்தபோது கோரா கூப்பிட்ட உள்ளூர் போலீஸும் வந்திருந்தது. கார்க் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடிவந்தவர், வாழையடியில் லிகாயா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நின்றார். வெளுத்த தலை, இஸ்திரி போட்ட பரோங் சட்டை. அவர் ஓட நினைக்கவில்லை. தூணுக்குப் பக்கத்தில் கிடந்த செங்கல் குவியல் மேல் உட்கார்ந்தார்.

சிமென்ட்டை உடைக்க வெகுநேரம் ஆகவில்லை. வாழையே பாதி உடைத்து வைத்திருந்தது. ஆழமும் அதிகமில்லை. நைலான் சாக்கின் இழைகளுக்குள் புகுந்து வேர்கள் வெள்ளையாகப் பின்னிக் கிடந்தன. தோண்டியவர்களில் ஒருவன் கடப்பாரையை வைத்துவிட்டுக் கையால் மண்ணை விலக்க ஆரம்பித்தான். ஒரு மோதிரம் கிடைத்தது. உள்ளூர் இன்ஸ்பெக்டர் அதைத் துடைத்து லிகாயாவிடம் காட்டினார். அவள் தன் விரலைப் பார்த்தாள். அங்கே மோதிரம் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் கழற்றி எறிந்துவிட்டிருந்தாள்.

"இது அவரோடதுதான்," என்றாள்.

வெர்ஹெல் கேட்காமலே பேச ஆரம்பித்தார். துறைமுகத்தில் இறங்கியதும் குடித்தாராம். எலிசியோ ஓட்டுகிறேன் என்றான், தான்தான் விடவில்லை. மழை. இந்தத் திருப்பத்துக்குப் பக்கத்தில் வண்டி மரத்தில் மோதியது. அவருக்குக் கீறல்கூட இல்லை. பக்கத்து இருக்கையில் உயிர் இல்லை. அந்த மாதம் அவரை நிலையத்துக்கு இயக்குநராகப் போட இருந்தார்கள். மனையில் வீட்டு வேலைக்கென்று தோண்டிய குழி இருந்தது. மணலும் சிமென்ட்டும் இருந்தது. பிறகு ஒரு பக்கம் நசுங்கிய ஜீப்பைத் துறைமுகத்துக்கே ஓட்டிப்போய் விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்தார்; நசுங்கலுக்கு, அங்கே நின்றபோது லாரி இடித்ததென்று கணக்குக் காட்டினார்.

"விபத்து, லிகாயா. சத்தியமா விபத்து. நான் கொல்லல."

"அன்னிக்குக் கொல்லல," என்றாள் கோரா. "அதுக்கப்புறம் ஏழு வருஷம் இவங்க மனசுல கொன்னீங்க. பலவான்ல ஒருத்தின்னு சொன்னது விபத்தா டாக்டர்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

லிகாயா எழுந்து அவருக்கு எதிரே வந்து நின்றாள். அடிப்பாள் என்று இன்ஸ்பெக்டர் ஒரு அடி முன்னால் வந்தார். அவள் அடிக்கவில்லை.

"வண்டியில வர்றப்போ என்ன பேசிட்டு வந்தார்?"

"லிகாயா..."

"சொல்லுங்க. கடைசியாக் கேட்டது நீங்கதான். வேற யார்கிட்டயும் என்னால கேக்க முடியாது."

வெர்ஹெல் வாழையைப் பார்த்தபடி சொன்னார். "கன்னைப் பின்னாடி போடச் சொன்னேன். மாட்டேன்னுட்டான். மடியிலயே வெச்சுக்கிட்டான். வேரு காஞ்சிடும், லிகா திட்டுவான்னான். நீ எண்ணுறதுக்கு முன்னாடியே எங்கிட்ட பந்தயம் கட்டினான். இருபத்தி ரெண்டுதான் இருக்கும், லிகா முப்பத்து மூணும்பா, அவதான் ஜெயிப்பா, எப்பவும் அவதான் ஜெயிப்பான்னு... சிரிச்சுக்கிட்டே வந்தான்."

லிகாயா கேட்டு முடித்தாள். பிறகு வாழைக்கு அருகே போய், ஈர மண்ணில் முழங்காலிட்டு, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அவள் அழுத சத்தத்தில் குளித்து முடித்த அந்தப் பையன் குடிசைக்குள்ளேயே நின்றுவிட்டான். ஆலிங் செபா அவளருகில் போய் உட்கார்ந்து, எதுவும் சொல்லாமல் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

நோனோய் வேலிப் பக்கம் திரும்பி நின்று சிகரெட் பற்ற வைத்தான். மூன்று தீக்குச்சி வீணாயிற்று.

"ஏதாவது பேசேன்," என்றாள் கோரா அருகில் வந்து.

"ஒண்ணும் வரல மேடம்."

மறுநாள் மதியம் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு நோனோய்தான் லிகாயாவை அழைத்துப் போனான். கோரா முன்னால் உட்கார்ந்தாள். பிள்ளைக்கு மற்றவர்கள் வாயால் தெரியக் கூடாது, நானே சொல்ல வேண்டும் என்றிருந்தாள் லிகாயா. இரவு முழுக்கத் தூங்கவில்லை. எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் கோராவிடம் கேட்டுக்கொண்டே வந்தாள். கோராவுக்கும் தெரியவில்லை.

தாலாவுக்கு ஒன்பது வயது. இரட்டைப் பின்னல், ஒரு பின்னல் அவிழ்ந்திருந்தது. வண்டியில் ஏறியதும் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"யாரும்மா அடிச்சா உன்னை?"

"யாரும் அடிக்கல. இப்படி வா, பக்கத்துல உக்காரு." லிகாயா அவிழ்ந்த பின்னலைக் கையில் எடுத்துப் பின்ன ஆரம்பித்தாள். பின்னல் நிற்கவில்லை, அவிழ்த்து மறுபடி பின்னினாள். "அப்பா பத்தி நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லியிருந்தேன் இல்ல? நம்மள வேணாம்னு போயிட்டார்னு."

"ம். அவரைப் பத்திப் பேசக் கூடாதுன்னு சொன்ன."

"அது தப்பு தாலா. அம்மாவுக்கு யாரோ பொய் சொல்லிட்டாங்க. நான் நம்பிட்டேன். அப்பா எங்கயும் போகல. நம்ம வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்தார். வழியில வண்டி மோதி செத்துப் போயிட்டார். யாரும் நமக்குச் சொல்லல."

பிள்ளை அழவில்லை. கேட்டதை மனதுக்குள் அடுக்கிப் பார்ப்பது போல ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வண்டி சந்தையைத் தாண்டி, பெட்ரோல் பங்க்கைத் தாண்டியது. தூரத்தில் மலை தெரிந்தது.

"எதுவரைக்கும் வந்தார்?"

லிகாயா கையை நீட்டிக் காட்டினாள். "அதோ, மலைக்குக் கீழ. அந்த மண்பாதை வரைக்கும்."

தாலா எட்டிப் பார்த்தாள்.

"அது பக்கம்தானேம்மா."

"ஆமாடா. பக்கம்தான்."

பிள்ளை அம்மாவின் பக்கம் திரும்பினாள். கோபமில்லை அவள் முகத்தில். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"அப்ப நாம ஏன் போய்க் கூட்டிட்டு வரல?"